கடைச் சுருதி

மார்ச் 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதைப் பேப்பரில் பார்த்துவிட்டேன்.

நம் சலூன் கடையில் இரண்டாம் நாற்காலியில் முடி வெட்டுகிறவர் காலையில் பேப்பரோடு பின்கதவுக்கு வந்தார். "அக்கா, உங்க தம்பி போட்டோவ எவ்ளோ பெருசா போட்டிருக்கான் பாருங்க" என்றார். துவைத்துக்கொண்டிருந்த கடைத் துண்டுகளை அப்படியே போட்டுவிட்டு, கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். நான் நாலாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கூட்டிக் கூட்டிப் படிக்கிறவளுக்கு ஒரு சொல்லும் தப்பாது.

'செத்துப்போன வாத்தியத்துக்கு உயிர் கொடுத்தவர்' என்று தலைப்பு. கீழே நீ சொன்னது: "நான் தேட ஆரம்பித்தபோது இங்கே மேண்டலின் வாசிக்க ஒருவர்கூட மிச்சமில்லை."

ஒருவர்கூடவா?

உங்க மாமா முப்பத்தொரு வருஷம் அந்த சலூனில் ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் வாசித்தாரே, அது என்ன? வெட்டி முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்களே, அவர்கள் யார்? உடைந்த சீப்பைத் தேய்த்துத் தேய்த்து மீட்டுகிற தகடு செய்துகொள்வார். அந்தத் தூள் பறந்து உன் டீயிலேயே ஒருநாள் விழுந்தது. நீ பார்க்காததா?

மேண்டலின் எங்கேயும் சாகவில்லைடா. செத்தது என் வீட்டுக்காரர். நாலு மாதம் ஆகிறது. கையில் கத்தரிக்கோலோடு விழுந்தார்.

போட்டோவில் உன் மடியில் இருப்பது அவருடைய மேண்டலின். ஓட்டைக்குக் கீழே அவர் விரல் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாகிப்போன திட்டு தெரிகிறது. அதைக் கொண்டுவந்து கொடு. போனில் கூப்பிடாதே. போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய்.

அக்கா

 

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தலைப்பை நான் வைக்கவில்லை, பேப்பர்காரர்கள் வைத்தது. நான் சொன்னது மேடையில் வாசிக்கிறவர்களைப் பற்றி. மாமா மேடை ஏறியவர் இல்லை என்பது உனக்கே தெரியும். இதில் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை.

பதினெட்டு வருஷமாக ஊர் ஊராக அலைந்து நாற்பத்தோரு மேண்டலின் சேர்த்திருக்கிறேன். பரணில் கிடந்தது, அடகுக் கடையில் கிடந்தது, ஒன்றில் கோழி முட்டை வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் பழுது பார்த்து, தந்தி கட்டி, வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் கூடம் எடுத்திருக்கிறேன். ஏப்ரல் இருபதாம் தேதி திறப்பு. மாமாவுடையது நாற்பத்தொன்றாவது. அதற்கு நடுச்சுவரில் இடம். புதுத் தந்தி போட்டு, தந்திகளைத் தாங்குகிற தேய்ந்த குதிரையை எடுத்துவிட்டு நல்ல கட்டையில் வேறு வைத்திருக்கிறேன். இப்போது சுத்தமாகப் பேசுகிறது.

இன்னொன்று. உறையின் பக்கப் பையில் ஒரு கேசட் இருந்தது. மாமா கடையில் வாசித்தது. திறப்பு விழாவில் அதைப் போடப் போகிறேன். உனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

திருப்பிக் கேட்கிறாயே, அதுதான் புரியவில்லை. அன்றைக்கு நீதானே உன் வாயால் "வச்சுக்கோ" என்று சொன்னாய்? பத்துப் பேர் கேட்டார்கள்.

முன் வரிசையில் உனக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

உன் தம்பி

 

மார்ச் 21

தம்பிக்கு,

பத்துப் பேர் கேட்டார்களா? அந்தப் பத்துப் பேரையும் கூட்டி வா. நான் என்ன சொன்னேன், எப்போது சொன்னேன் என்று கேட்போம்.

வீடு நிறைய ஆள். அவரை இன்னும் வெளியே எடுத்துப் போகவில்லை. மேண்டலின் உறையோடு நாற்காலி மேல் கிடந்தது. ஒரு தடித்த அம்மா அதன் மேலேயே உட்காரப் போனாள். நான் எடுத்து, பக்கத்தில் நின்ற உன்னிடம் நீட்டி "வச்சுக்கோ" என்றேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற பெண் உட்கார்ந்திருக்கிறவளிடம் பையைக் கொடுத்து "வச்சுக்கோங்க" என்பாள். குழந்தையைக்கூடக் கொடுத்து "கொஞ்சம் வச்சுக்கோங்க" என்பாள். இறங்கும்போது அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டுகிறவனை நீதான் முதலில் காட்டியிருக்கிறாய்.

கல்லூரி வரைக்கும் படித்தாய். 'வச்சுக்கோ' என்ற ஒரு சொல்லுக்கு உனக்கு அர்த்தம் தெரியவில்லை. உனக்கு வேண்டிய அர்த்தம்தான் தெரிந்தது.

குதிரையை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். யாரைக் கேட்டு எடுத்தாய்? அந்தக் குதிரை அவர் செதுக்கியது. பழைய மேசைக்காலில். ஒரு வாரம் எடுத்தார். நீ எதைத் தொட்டாலும் சரி பண்ணுகிறேன் என்கிறாய். என்னடா கெட்டிருந்தது?

மேடை ஏறவில்லையாம். அவர் நின்ற தரையை விட்டு எதற்கு ஏற வேண்டும்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது "என்ன மாமா, இது சுருதியிலயே இல்லையே" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு நீ வந்தால் அதை உறைக்குள் வைத்துவிடுவார். கவனித்திருக்கிறாயா? இல்லை. உனக்கு மேண்டலின் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், பிடித்திருக்கிற ஆள் தெரியாது.

கொண்டுவா.

அக்கா

 

ஏப்ரல் 2

அக்கா,

நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கிறேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. நாற்பத்தொன்று என்று போட்டிருக்கிறது. நடுச்சுவரைக் காலியாக வைத்துக்கொண்டு நான் என்ன கதை சொல்வது? விழா முடியட்டும், பிறகு பேசுவோம்.

நீ மாமாவுக்காகப் பேசுகிறாயே, நீ அதை எப்படி மதித்தாய் என்று எனக்குத் தெரியாதா? உனக்கு அது எப்போதும் சத்தம்தான். அந்தக் கேசட்டிலேயே இருக்கிறது. அவர் நன்றாக வாசித்துக்கொண்டு வரும்போது உள்ளே இருந்து உன் குரல் வருகிறது, "அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று. விழாவுக்காக அந்த இடத்தை வெட்டி எடுத்தேன். உன் மரியாதைக்காக வெட்டினேன். அதையும் தெரிந்துகொள்.

நான் மட்டுமாவது அதை வாத்தியம் என்று நினைத்தேன்.

வர விருப்பம் இருந்தால் வா.

தம்பி

 

ஏப்ரல் 22

தம்பிக்கு,

வந்திருந்தேன். முன் வரிசையில் உட்காரவில்லை. படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில், கடைசியில். நீ பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, தோள் வரைக்கும் முடியை விட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

நடுச்சுவரில் அவருடையதைப் பார்த்தேன். கீழே அட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'முடி திருத்துபவர் ஒருவரின் பொழுதுபோக்குக் கருவி.' ஒருவர். உனக்கு அவர் யாரோ ஒருவர். பொழுதுபோக்கு. காலை ஆறரைக்குக் கடை திறந்தால் இரவு வரைக்கும் நின்ற கால் நின்றபடி இருந்தவருக்குப் போக்குவதற்குப் பொழுது எங்கேடா மிச்சம் இருந்தது?

அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். பிறகு கேசட்டைப் போட்டாய்.

நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அஞ்சு மாதமாக அந்தக் குரலைக் கேட்கவில்லை. போனில் அவர் பேசிப் பதிவு செய்ததென்று ஒன்றும் கிடையாது. நடுநடுவே கடைக்கு வந்தவர்களிடம் பேசுவாரே, அது வரும் என்று காத்திருந்தேன். வந்தது. "தலைய கொஞ்சம் குனிங்க சார், காது பத்திரம்" என்று வந்தது. எலி கத்துகிற மாதிரி வந்தது.

கூடமே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் "கார்ட்டூன்ல வர்ற மாதிரி இருக்கு இல்ல?" என்று என்னையே கேட்டாள். நீயும் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் பார்த்தேன்.

எழுந்து வந்துவிட்டேன். வாசலில் நின்றவன் "பாத்ரூம் அந்தப் பக்கம்மா" என்றான்.

அது அவர் குரல் இல்லை. அவருக்குத் தண்டவாளத்தில் லாரி ஏறின மாதிரி குரல். கைக்குழந்தைகள் அழும். அவர் குரலை என்னடா செய்தாய்?

அக்கா

 

ஏப்ரல் 25

அக்கா,

நீ வந்தது தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். எல்லாரும் சிரித்ததால் சிரித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கேசட்டைக் கணினியில் ஏற்றியபோது வாசிப்பு முழுக்க இறங்கிப்போய் இருந்தது. நாலு ஜோடித் தந்தியும் ஒரே அளவுக்கு இறக்கம். சுருதி தெரியாத ஒருவர் கட்டினால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். எல்லாம் ஒரே அளவில் இறங்காது. அதனால் தப்பு மாமாவுடையது இல்லை, டேப் மெதுவாக ஓடியிருக்கிறது என்று நினைத்தேன். பேட்டரி தீர்ந்த ரெக்கார்டரில் இப்படி ஆகும். என் மேண்டலினோடு சேர்கிற வரைக்கும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பின்னால் ஒரு இரைச்சல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் சுத்தமாக எடுத்துவிட்டேன்.

அவரைத் தப்பாகக் காட்டக் கூடாது என்றுதான் செய்தேன். நம்பு. தந்தியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், பேச்சைக் கவனிக்கவில்லை.

அந்த ரெக்கார்டரில் பேட்டரி பழசா? உனக்கு நினைவிருக்கிறதா?

தம்பி

 

ஏப்ரல் 30

தம்பிக்கு,

பேட்டரியும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ எடுத்துப் போட்டாயே ஒரு இரைச்சல், அதுதான் சுருதி.

பெஞ்சில் உட்கார்ந்த எல்லாருக்கும் இது தெரியும். உனக்கு மட்டும் தெரியாது. முடி வெட்டுகிற மெஷின் இருக்கிறதே, அந்தக் கறுப்பு மெஷின், அது காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். இவர் கை ஓய்ந்தால் இரண்டாம் நாற்காலிக்காரர் ஓட்டுவார். அந்தச் சத்தம் ஒரு பக்கம், இவர் வாசிப்பது ஒரு பக்கம் என்று இருந்தால் காதில் சண்டை போட்டுக்கொள்ளும். அதனால் இரண்டாம் நாற்காலியில் மெஷின் முடிக்குள் ஓடும்போது இவர் சுவர் ஓரம் உட்கார்ந்து தந்தி கட்டிய ஆணியை முறுக்கி முறுக்கி, இரண்டு சத்தமும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்துவார். பிறகுதான் மற்றத் தந்திகள். வாசிக்க ஆரம்பித்தால் மெஷின் கூடவே பாடும். வெட்டிக்கொள்கிறவருக்கு மண்டைக்குள்ளேயே கேட்குமாம். "அண்ணே, தலைக்குள்ள கச்சேரி நடக்குது" என்பார்கள். அதற்காகவே வெட்ட முடி இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு நீ கடையில் சிரித்துவிட்டுப் போன பிறகு சாப்பிடும்போது நான் கேட்டேன், "ஏங்க, அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று. "அவன் படிச்ச சுருதி வேற, நம்ம கடைச் சுருதி வேற. விடு. தோத்துப்போனா முகம் வாடிடும் அவனுக்கு" என்றார். உன் முகம் வாடக் கூடாது என்று ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவர்டா அவர். அவருக்கு நீ எழுதிய அட்டை, பொழுதுபோக்கு.

நான் நிறுத்தச் சொன்னேன் என்று எழுதினாய். ஆமாம், சொன்னேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தலைவலியில் படுத்திருக்கும்போது சொன்னேன், கோபத்தில் சொன்னேன், சும்மாவும் சொன்னேன். புருஷன் பெண்டாட்டி ஆயிரம் சொல்லிக்கொள்வோம். அதைக் கத்தரித்து எடுத்து என் முகத்தில் வீச உனக்கு யார் உரிமை கொடுத்தது? உன் மரியாதை எனக்கு வேண்டாம்.

கேசட்டை அனுப்பு. நீ கை வைக்காத கேசட். எங்கள் வீட்டுப் பழைய டேப்பில் போட்டு நானே கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா

 

மே 6

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

கேசட் இல்லை. கணினியில் ஏற்றி முடித்த பிறகு இன்னொரு தடவை ஓட்டினேன், உள்ளே சிக்கி நாடா நைந்து போய்விட்டது. நல்லவேளை கணினியில் இருக்கிறதே என்று நினைத்து வீசிவிட்டேன். கணினியில் இருப்பது நான் மாற்றியது மட்டும்தான். பழையதன் மேலேயே பதிந்துவிட்டேன். வேகத்தை எவ்வளவு ஏற்றினேன் என்று எங்கேயும் குறிக்கவில்லை. உன் பேச்சு வருகிற துண்டு தனியாக இருக்கிறது, அதுவும் ஏற்றிய பிறகு வெட்டியதுதான்.

ரெண்டு நாளாக இறக்கி இறக்கிப் பார்க்கிறேன். ஒரு இடத்தில் அவர் மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறக்கினாலும் அவர் மாதிரிதான் இருக்கிறது. எது மாமா என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. இத்தனை வருஷம் பழகியும் அவர் குரல் என் காதில் நிற்கவில்லை. மேண்டலின் விஷயத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன் நான்.

பேப்பரில் திருத்தம் போடச் சொல்லி எழுதினேன். போட்டிருக்கிறார்கள். இதோடு வைத்திருக்கிறேன். அட்டையைக் கழற்றிவிட்டேன்.

நீ சொன்ன மெஷின் இன்னும் கடையில் ஓடுகிறதா? அது மட்டும் இருந்தால் அதோடு தந்தியைச் சேர்த்து, அந்தச் சுருதி வரைக்கும் பதிவை இறக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட முடியும். நான் வரலாமா?

தம்பி

 

மே 10

வீசிவிட்டாயா.

நாற்பத்தோரு மேண்டலினைக் குப்பையிலிருந்து பொறுக்கியவன், என் வீட்டுக்காரர் குரலைக் குப்பையில் போட்டிருக்கிறாய்.

திருத்தம் பார்த்தேன். ஏழாம் பக்கத்தில், கைலி விளம்பரத்துக்குக் கீழே. உன் தலைப்பு முழங்கை நீளம், அவர் பெயர் நகத்தளவு.

மெஷின் கடையில் இருக்கிறது. கடை தெருவில் இருக்கிறது. கடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், அதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை. பின்கதவுப் பக்கம் வராதே.

 

மே 19

தம்பிக்கு,

நீ வந்ததும் போனதும் தெரியும். பின்கதவுக்கு உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். மிச்சத்தை இரண்டாம் நாற்காலிக்காரர் வந்து சொன்னார். அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

மெஷினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டிக் காட்டச் சொன்னாயாம். "சும்மா ஓட்டினா அது வேற சத்தம் தம்பி. முடிக்குள்ள ஓடினாத்தான் கடைச் சத்தம் வரும்" என்றாராம். கடையில் வேறு ஆள் இல்லை. "அப்ப என் முடியில ஓட்டுங்க" என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாயாம், மடியில் மேண்டலினோடு. "போட்டோவுல வந்த முடியாச்சே, நல்லா யோசிச்சுக்கோங்க" என்றதற்கு, "பேசாம ஓட்டுங்கண்ணே, ஆணி முறுக்கணும்" என்றாயாம். முதல் தடவை சேரவில்லை. இரண்டாம் தடவை காதுக்கு மேலே. கடைசியில் பின்மண்டையில் ஓட்டும்போது சேர்ந்ததாம். "சேர்ந்ததும் அப்படியே உக்காந்துட்டான்க்கா. மெஷினை நிறுத்தின பிறகும் எந்திரிக்கல" என்றார். அழுதாயா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. மெஷினும் தந்தியும் ஒன்றாகிற அந்தச் சத்தம். என்னை அறியாமல் "நிறுத்துங்களேன்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பெஞ்சில் நீ வைத்துவிட்டுப் போன மேண்டலின் என்னிடம் வந்துவிட்டது. பழைய குதிரையையும் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாய். நேற்று நீ அனுப்பிய புதுக் கேசட்டும் வந்தது.

போட்டுக் கேட்டேன். குரல் சரியாக இருக்கிறது. சொல்ல எனக்கு மனசில்லை, ஆனாலும் சரியாக இருக்கிறது. "தலைய கொஞ்சம் குனிங்க சார்" என்றதும் நான் குனிந்துவிட்டேன்.

வெட்டியதையும் சேர்த்திருக்கிறாய். என் குரல் வருகிறது. "அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்துங்களேன், தலை வெடிக்குது." அவர் "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்கிறார். ஆச்சு என்று சொல்லிவிட்டு வாசித்துக்கொண்டே போகிறார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். பதினோரு நிமிஷம். என்ன நெஞ்சழுத்தம் பார். முப்பத்தொரு வருஷமும் இதே கதை. நான் நிறுத்தச் சொன்னபோது ஒரு நாளாவது நிறுத்தினாரா? நான் ஒன்றுமே சொல்லாத ஒரு நாள் பார்த்து நிறுத்திவிட்டார். யாரைக் கேட்டு நிறுத்தினார்? யாரிடம் போய் நான் இதைச் சண்டை போடுவது? அதுதான் உன்னோடு போடுகிறேன். உன் பங்கும் இருக்கிறது, எல்லாம் உன் பங்கு இல்லை.

நடுச்சுவர் காலியாக இருந்தால் ஆட்கள் கேட்பார்கள் என்றாயே, கேட்கட்டும். கேட்கிறவர்களிடம் அவர் பெயரைச் சொல். எங்கே கடை, எந்தத் தெரு என்று சொல். யாரும் மிச்சமில்லை என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லிப் பார்.

வெளியே போகும்போது தலையில் ஏதாவது போட்டுக்கொள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதை எழுதிவிட்டேன் என்பதற்காக உன்னோடு நான் பேசிவிட்டதாக நினைக்காதே. இன்னும் பேசவில்லை.

அக்கா